தலைமை நாற்காலி இறங்கிய கதை

ஓர் ஆபீசில் மேனேஜருடைய சுழல் நாற்காலிக்கு, அங்கே தன்னைவிட உயரமாக யாரும் இல்லை என்பதில் தலைகால் புரியாத பெருமை. ஒரு திங்கட்கிழமை அதன் அடியிலிருந்த சிலிண்டரில் கேஸ் கசிய ஆரம்பித்தது. மேனேஜர் லீவரைப் பிடித்து ஏற்றி வைப்பார். டீ வருவதற்குள் அது நாலு அங்குலம் இறங்கிவிடும்.

"சிலிண்டரை மாத்திட்டா சரியாயிடும் ஐயா. அரை மணி நேர வேலைதான்" என்றது லீவர்.

"அந்த அரை மணி நேரம் என்னைத் தலைகீழா கவுத்துப் போடுவானுங்க. குமாஸ்தா நாற்காலியெல்லாம் வேடிக்கை பார்க்கும். என் மானம் என்ன ஆகிறது?"

சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் அது கூட்டம் போட்டது. "அடக்கம்தான் அழகு. இனிமே எல்லாரும் நாலு அங்குலம் இறங்கணும்."

"அடடா, என்ன எளிமை!" என்று குமாஸ்தா நாற்காலிகள் புஸ் புஸ்ஸென்று இறங்கின. நல்ல பெயர் வாங்குவதற்காக இரண்டு நாற்காலிகள் ஆறு அங்குலம் இறங்கின.

ஃபைல் எடுக்க ஏறி நிற்கும் மர ஸ்டூல் மட்டும் நின்றபடியே நின்றது. "எனக்கு லீவரே கிடையாதுங்களே. நாலும் மரக்கால். எப்படி இறங்குறது?"

"திமிரைப் பார்த்தீங்களா!" என்றது தலைமை. மற்ற நாற்காலிகள் ஸ்டூலை முட்டித் தள்ளிக்கொண்டு போய் குடோனில் விட்டுவிட்டு வந்தன.

புதன்கிழமை கேஸ் மொத்தமும் தீர்ந்தது. மேஜைக்கு மேலே மேனேஜரின் வழுக்கை மட்டும்தான் தெரிந்தது.

"ஐயா, இப்பவாவது..." என்று இழுத்தது லீவர்.

தலைமை நாற்காலி அண்ணாந்து பார்த்தது.

"இந்த மேஜைக்கு எவ்வளவு கொழுப்பு, பார்த்தியா?"