கப்பல் வராத வாரம்

வாழைப்பழம் பெட்டி போடும் கொட்டகையில் அத்தனை பேரும் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருக்க, யூடாக்ஸி மட்டும் சிரித்தாள்.

சங்கத் தலைவர் மாத்துரின் பேச்சை நிறுத்தினார்.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க பேசுங்க."

பேசினார். "இங்கிலாந்துக்காரன் கேட்ட நீளம், கேட்ட வளைவு, ஒரு கீறல் இல்லாம வளத்துக் குடுத்தோம். குலைக்குக் குலை நீலப் பை மாட்டினோம். இப்ப ஐரோப்பாவுல சட்டத்த மாத்திட்டாங்க. ஈக்வடார் பழத்துக்கு வரி குறைஞ்சிடுச்சு. அது மலிவுன்னு நம்மள அம்போன்னு விட்டுட்டாங்க. இந்த வாரம் கப்பலே வரல!"

"அநியாயம்!" என்றது கூட்டம். செயின்ட் லூசியாத் தீவில், எங்கள் பள்ளத்தாக்கில், வாழையை நம்பாத குடும்பம் இல்லை. யூடாக்ஸி ஒருத்திதான் வாழையை வெட்டிவிட்டுக் கோழிப் பண்ணை வைத்தவள்.

மறுபடியும் சிரிப்பு.

ஆல்சிட் எழுந்துவிட்டான். "அவளுக்கென்ன, கோழி வளக்கிறவ! நம்ம பொழப்பு நாறினா அவளுக்கு வேடிக்கை. வெளிய அனுப்புங்க தலைவரே."

"நானே போறேன்பா," என்று எழுந்தாள். "ஒரே ஒரு சந்தேகம்ண்ணே. நம்ம பழம் அவங்களுக்குப் பிடிக்காமப் போச்சா?"

"யார் சொன்னா? நம்ம பழத்தோட இனிப்பு வேற எதுக்கு உண்டு? இன்னிக்கும் அவனே அப்படித்தான் சொல்றான்."

"அப்புறம் ஏன் வாங்கல?"

"காசு மிச்சம் பிடிக்கத்தான்! இத்தன வருஷம் நமக்காக வளத்தாங்களே, இவங்க குடும்பம் என்னாகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சானா? மனுஷனா அவன்?"

"அதானே," என்றாள் யூடாக்ஸி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டோம்.

நம்பியிருந்தவர்களைக் கைவிட்டவர்களை இந்தச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு சாப்பாடு.

ஆல்சிட் வறுத்த கோழிக்காலைக் கடித்தபடி கேட்டான். "யூடாக்ஸி கூண்டையெல்லாம் கழட்டி வித்துட்டாளாமே? இன்னியோட பண்ணைய மூடுறாளாம்."

"மூடாம என்ன பண்ணுவா? இப்ப அவகிட்ட யாரு வாங்குறா?" மாத்துரின் அடுத்த காலை எடுத்தார். "இது அமெரிக்காவுலேருந்து ஐஸ் பெட்டியில வர்றது. பாதி விலைதான். நல்லா சாப்பிடுப்பா."