நானூறு தேக்கின் சாட்சி

"எம்பட வேலைய நீ எப்படிடி பறிச்சுக்குவே?" என்று வனத்துறை ரேஞ்சர் முன்னாலேயே நாகமணி கத்தினாள்.

தங்கை செவந்தி அசரவில்லை. "உன்ற செருப்ப மாட்டிவிட்டு, மொத நாள்லருந்து என்னையத் தோப்புக்கு அனுப்புனது யாருக்கா?"

சத்தியமங்கலம் பக்கத்து அரசுத் தேக்குத் தோப்பில் வருகைப் பதிவு போடுவது மரங்கள்தான். ஆளின் நடை வேர்களுக்குத் தெரியும். செருப்பு மாறாமல் இருந்தால் போதும் என்று நம்பிய நாகமணி, இரண்டு வருடம் கட்டிலில் படுத்தே சம்பளம் வாங்கினாள். வேலை நிரந்தரமாகி ஓர் ஏக்கரும் கைக்கு வருகிறது என்றதும், கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும் அதே செருப்போடு தானே நடந்தாள். நானூறு தேக்கும் அவளைத் தெரியாது என்றுவிட்டன. பின்னால் செவந்தி வெறுங்காலோடு நடந்தாள். ஒரு மரம்கூட மறுக்கவில்லை.

"தோப்புக்கு யாரைத் தெரியுதோ, அவங்களுக்குத்தாம்மா வேலையும் நிலமும்" என்று ரேஞ்சர் கையெழுத்துப் போட்டார்.

அரசாங்க வேலைக்காரிதான் வேண்டும் என்று அக்காவைப் பார்த்துப் போன கோபிப் பக்கத்து மாப்பிள்ளை, மறுவாரமே தங்கையைக் கேட்டு வந்தான். "உங்களுக்கு வேலையத்தானே கட்டிக்கோணும்? தேக்குகிட்டயே கேட்டுப் பாருங்க" என்று செவந்தி அவனை அனுப்பிவிட்டு, நாற்றுப்பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அந்த ஏக்கரில் குடியேறினாள்.

நாகமணி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே தினமும் தானே நேரில் போகிறாளாம்.