சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பக்கம்

பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு செங்கல் லாரி வந்து நின்றது. முன்பக்கமிருந்து முத்திருளன் இறங்கினார். பின்னாலேயே டிரைவர் சுருளி. ஜன்னல் வழியே பார்த்த சீதாலட்சுமி டீச்சர் மேஜைமேல் கிடந்த பதிவேட்டைச் சட்டென்று மூடினார்.

"பதிவேட்டை பீரோவை விட்டு எடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார் தலைமையாசிரியர் பீமாராவ். "இப்ப நீங்களே பேசிக்கங்க. நான் சத்துணவு முட்டை வெந்துருச்சான்னு பாத்துட்டு வாரேன்."

முட்டை மத்தியானமே வெந்து, பிள்ளைகள் தின்று, ஓடுகூடக் குப்பைக்குப் போயாகிவிட்டது. ஆனாலும் மனிதர் பின்வாசல் வழியே மறைந்தார்.

டீச்சருக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ராஜாக்களின் பட்டியலை ஒப்பிக்க வைத்தே அலுத்துப்போனவர். இந்த வருஷம் ஊரின் வரலாற்றை அசல் ஆவணங்களிலிருந்தே ஐந்தாம் வகுப்புக்குக் காட்டிவிடுவது என்று முடிவுகட்டினார். வட்டார வள மையத்தில் ஒரு நாள் இரவலாகப் புரொஜெக்டரை வாங்கி, அங்கிருந்து பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களைப் பிள்ளைகள் எடுத்துவர வேண்டும் என்பதும் ஏற்பாடு.

அன்று காலை எல்லாரும் எடுத்து வந்தார்கள். முத்திருளன் மகள் பவதாரிணி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். "எங்க வீட்ல பழசு ஒண்ணும் இல்ல டீச்சர்."

பிள்ளையின் முகம் வாடியதைத் தாங்காமல்தான் டீச்சர் அந்த வேலையைச் செய்தார். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, அவள் அப்பா பெயரைத் தேடிப் பிடித்தார். தன் மகனுடைய டிஜிட்டல் கேமராவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஜன்னல்களைச் சாத்தி, சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்துக்குக் காட்டினார்.

'பெயர்: முத்திருளன். சேர்ந்த ஆண்டு: 1966. தகப்பனார்: காலமாகிவிட்டார். தாயார்: சோணையம்மாள், பண்ணைக் கூலி.' தாயார் கையெழுத்துக்கான இடத்தில் மங்கலான நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அதுவரை சரிதான். கடைசிக் கட்டத்தை முன்கூட்டியே படிக்காமல் விட்டதுதான் வினை.

'நின்ற காரணம்: மூன்றாம் வகுப்பில் இருமுறை தேறவில்லை. மாடு மேய்க்கச் சென்றான்.'

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பவதாரிணி பையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

இன்றைக்கு முத்திருளனுக்கு நாலு செங்கல் காளவாசல், மூன்று லாரி. அவர் முன்னால் பண்ணைக் கூலி என்று வாய் திறக்க வாடிப்பட்டி வட்டாரத்தில் ஆள் கிடையாது. போன வருஷம் கோவில் திருவிழா நோட்டீஸில் தன் பெயரைக் கடைசியில் போட்டார்கள் என்று அச்சாபீஸ் கதவையே உடைத்தவர் என்று பேச்சு. பேச்சில் பாதி பொய்யென்றாலும், பாதிக் கதவு உடைந்துதானே இருக்கும்?

டீச்சர் பதிவேட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். அந்தப் பக்கம் கிழிந்தால் வேலை போய்விடும். கிழியாமல் காப்பாற்றினால் எலும்பு மிஞ்சுமா என்பது சந்தேகம்.

முத்திருளன் வாசற்படியில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"பிள்ளைகள வெளிய விடுங்க டீச்சர்."

சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு காலியானது. காப்பாற்ற ஒரு சாட்சிகூட இல்லையே என்று டீச்சருக்கு அழுகை முட்டியது.

"எம் பக்கத்தச் சுவத்துல காட்டுனீங்களாமே. வீட்ல வந்து பிள்ள அம்புட்டையும் சொல்லிருச்சு."

"தப்புத்தாண்ணே. பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்." முத்திருளன் டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். பயத்தில் 'அண்ணே' என்றுதான் வந்தது.

"எம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சுச்சு?"

"ஆள்... ஆள் உசரத்துக்கு."

"பூராவும் தெளிவாத் தெரிஞ்சுச்சா? மையி, கிய்யி எல்லாம்?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். முத்திருளன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏலே சுருளி, ஜன்னலையெல்லாம் சாத்து. அப்படியே கதவையும் சாத்திட்டு நீ வெளிய நில்லு. ஒருத்தரும் உள்ள வரப்படாது."

ஒவ்வொரு ஜன்னலாக அடைபட்டது. கடைசியாகக் கதவும் சாத்தப்பட, பட்டப்பகலில் அறை இருண்டது. கத்தினால் பீமாராவுக்குக் கேட்கும். கேட்டாலும் அவர் வரப்போவதில்லை.

முத்திருளன் மேஜையை நெருங்கினார். அவருடைய கை புரொஜெக்டரின் மேல் படிந்தது. இரவல் பொருள், ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. முதல் அடி அதற்கு, அடுத்தது தனக்கு என்று டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீனாட்சியம்மனை நினைத்துக்கொண்டார்.

எதுவும் உடையவில்லை. பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது.

டீச்சர் மெல்லக் கண்ணைத் திறந்தார். அந்தப் பெரிய உடம்பைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் ஒடுக்கிக்கொண்டு, கையைக் கட்டி, வெறும் சுவரையே பார்த்தபடி முத்திருளன் உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஆத்தாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல டீச்சர். அந்தப் பெருவிரலக் கொஞ்சம் காட்டுங்க."