மருந்துப் பாத்திக்கு முதல் தண்ணீர்

1936 பங்குனி. பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்து ஓய்கிறது. பிள்ளைகளும் அவர்களுக்குப் படிப்பிக்கும் சட்டம்பியாரும் மாசி முழுவதும் பள்ளிக்கூட வளவில் சுண்ணாம்புக் கல்லை உடைத்து வெட்டிய கிணற்றில் இன்றைக்குத்தான் முதல் இறைப்பு. "தோட்டம் கொத்தவோ பள்ளிக்கூடம்? தண்ணி வராட்டி என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடாமல் மறிச்சுப்போடுவன்" என்று சொல்லியிருந்த வல்லிபுரம் பள்ளிக்கூட வாசல் படலையடியில் நிற்கிறார். அவருடைய மகள் மகாதேவி, பாவாடையை வரிந்து செருகிக்கொண்டு, கிணற்றுத் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்கிறாள். துலா தாழ்ந்து எழுகிறது. கீழே நிற்கும் இன்னொரு மாணவி தண்ணீர் அள்ளிவந்த பனையோலைப் பட்டையைக் கவிழ்க்கிறாள். பால்போலக் கலங்கிய தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் ஓடுகிறது.

"வந்திட்டுது! வந்திட்டுது!"

பாத்தி திறந்துவிட நின்றவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுகிறார்கள். சட்டம்பியார் முகத்தில் சேறு. துடைக்க மறந்து சிரிக்கிறார். படலையை ஒட்டி, மருந்துக்கென நட்ட ஆடாதோடைப் பாத்தியின் வரம்பில் தண்ணீர் முட்டி ஏறுகிறது. வரம்பு விளிம்பில் மண் கரைகிறது. வல்லிபுரத்தின் கண் அதைவிட்டு அசையவில்லை. மண்வெட்டி அவர் காலடியில் கிடக்கிறது. வெயிலுக்கு எதிரே, துலாவின் உச்சியிலிருந்து மகாதேவி கத்துகிறாள்:

"அப்பு, என்னை மறிக்கிறது பிறகு! வரம்பு உடையப்போகுது, பாத்தியைத் திறந்துவிடுங்கோவன்!"