பெட்டியில் வராத லென்ஸ்

பாலக்கரைச் சந்துக்குள் காலை வெயில் பாதிச் சுவர் வரைதான் இறங்கியிருக்கிறது. வாசலில் நிற்கும் கூரியர்காரர் பார்சலைக் கைமாற்றாமல், சுங்க வரி கட்டினால்தான் தர முடியும் என்று சொல்கிறார். உள்ளே இருப்பது, ஜப்பானில் யாரோ பயன்படுத்தி விற்றதை ஷாஜியா ஆன்லைனில் வாங்கிய கேமரா லென்ஸ். அனுப்பும் கூலியும் வரியுமாகச் சேர்ந்து லென்ஸின் விலையையே தொட்டுவிட்டன. நிக்காஹ் வீடுகளில், ஆண்கள் நுழையாத பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது. "திருப்பி அனுப்பிடும்மா," என்கிறார் அம்மா ஷரீபா, முக்காட்டை இழுத்துவிட்டபடி. "துபாய்லேர்ந்து வரப்போ தாஹா பெட்டியில போட்டு எடுத்துட்டு வருவான். வரியாவது ஒண்ணாவது."

ஷாஜியா உள்ளே திரும்பிப் பார்க்கிறாள். அலமாரியின் மேல் தாஹா அண்ணன் கொண்டுவந்த சென்ட் பாட்டில்களில் வெளிச்சம் மினுங்குகிறது. பக்கத்தில் கோடாலித் தைலம், உறை பிரிக்காத புலிப்படப் போர்வை. ஒவ்வொரு லீவுக்கும் அவள் லென்ஸ் கேட்கிறாள். ஒவ்வொரு லீவுக்கும் பெட்டியில் இடமில்லை. அவள் போனை நீட்டி, கூரியர்காரர் காட்டும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்கிறாள். பணம் போன ஓசை கேட்கிறது. பார்சல் கைக்கு வருகிறது; நினைத்ததைவிடக் கனம்.

"சும்மா வர்றத விட்டுட்டு இவ்ளோ கொட்டிக் குடுக்கிறியே," என்கிறார் அம்மா.

"சும்மா வந்ததெல்லாம் நான் கேக்காததும்மா."

மேலே அச்சாகியிருக்கும் தன் பெயர் கிழியாமல், ஷாஜியா டேப்பை ஓரமாக வெட்டுகிறாள்.