உப்பில்லாத கேரியர்

ஆஸ்பத்திரியில் கணவன் மனைவி இருவரும் உடம்பைச் சோதித்துக்கொண்டார்கள். முடிவை வாங்கி வந்தவர் மருதமுத்து.

"டாக்டர் எனக்கு உப்பே கூடாதுன்னுட்டாரு. ஒண்டியா தின்னா இறங்காது. நீயும் கூட சாப்பிடு, சந்திரமதி."

மெஸ்ஸிலிருந்து காஜா பேராங் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக்குத் தினமும் இருவருக்கும் உப்பில்லாத டிபன் கேரியர் வந்தது. அவர் எதிரில் சந்திரமதி முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். அவர் வேலைக்குப் போனதும் கருவாடு பொரித்து, உப்பு இறால் விழுதில் அரைத்த பெலாச்சான் சம்பலோடு இன்னொரு தட்டுச் சோறு. நோய் அவருக்குத்தானே!

மெர்டேக்கா சுதந்திர தினம் முடிந்த வாரம், கால் வீங்கி மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கருவாட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர். சீக்காளி மனுஷன், மனசு ஒடஞ்சிடுவாரு."

"அவருக்கு ஒரு சீக்கும் இல்லம்மா. சிறுநீரகம் கெட்டது உங்களுக்கு. நீங்க பயந்துடுவீங்கன்னு மறைச்சாரு."

கதவருகே டிபன் கேரியரோடு நின்றிருந்தார், பாதியாய் இளைத்துப்போன மருதமுத்து.