அங்க அடையாளம் இரண்டு

பேனாவை மூடி வைத்தான்.

விண்ணப்பத்தில் பதின்மூன்று கட்டங்களை நிரப்பியாகிவிட்டது. பதினான்காவது, அங்க அடையாளங்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இரண்டே கோடு.

பக்கத்தில் மகளின் பழைய பள்ளி கொடுத்த டி.சி. அதில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று விண்ணப்பத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாற்றி எழுதினால் நோட்டரி கையெழுத்து வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை மதியத்தோடு ஆறாம் வகுப்புச் சேர்க்கை முடிகிறது.

எழுதிவிடலாம். ஒரு நிமிட வேலை.

காலையில் அந்த வீடியோவைப் பார்க்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பான்.

காணாமல் போன பிள்ளைகளின் கதைகளைத் தேடித்தேடிப் பார்ப்பான். மகள் பிறந்த பிறகு வந்த பழக்கம். துப்பே துலங்காத வழக்கு என்றால் இன்னும் நல்லது. ஓடவிட்டுக்கொண்டே காய் நறுக்குவான், துணி மடிப்பான். வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லையா என்று மனைவி கேட்பாள்.

பொழுதுபோக்கு இல்லை, பயம். மற்றவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள் என்று தெரிந்துகொண்டால், தான் தப்பித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. பள்ளி வேன் வருவதற்கு முன் தினமும் மகளை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுப்பான். என்ன உடை போட்டிருந்தாள் என்று போலீஸ் கேட்டால் திணறக் கூடாது.

இதுவரை பார்த்ததில் எல்லாத் தவறும் அடுத்தவர்களுடையது. கையை விட்டவர்கள். கடைக்குத் தனியாக அனுப்பியவர்கள். பார்க்கும்போது அவனுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். சொல்ல வெட்கம்தான்.

இன்றைய வீடியோவில் ஒரு தகப்பன். தேர்க்கூட்டத்தில் ஆறு வயது மகளைத் தொலைத்தவர். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. தேரைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ அவர் அதிகம் பேசவில்லை.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப மச்சம் ரெண்டு எழுதுங்கன்னாங்க. பின்னாடி வரிசை நின்னுச்சு. கன்னத்துல ஒண்ணுன்னு சும்மா எழுதிட்டேனுங்க. போலீஸ் அதைப் பார்த்துத்தான் நோட்டீஸ் அடிச்சாங்க. தப்புன்னு சொன்னா நான் சொல்ற மத்ததையும் நம்பமாட்டாங்களோன்னு பயந்துட்டு சொல்லல. வெளியூர்ல ஒரு பிள்ளை இருந்துச்சாம். கன்னத்துல மச்சம் இல்லைன்னு விட்டுட்டாங்களாம். அது எம் பொண்ணா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

இப்போது டி.சி. கண் முன்னால் இருக்கிறது.

ஒன்று: வலது முழங்கையில் ஒரு மச்சம்.

இரண்டு: கழுத்தின் இடப்பக்கம் ஒரு மச்சம்.

இரண்டும் அவனுடையவை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, இதழினி காய்ச்சலில் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றிப் பார்க்க மனம் வரவில்லை. எழுத்தர் மேசையைத் தட்டினார். பத்தாம் வகுப்பிலிருந்து எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதிய வரிகள். கை பாட்டுக்கு எழுதிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"என்னப்பா, எழுதாம உக்காந்திருக்கீங்க?"

இதழினிதான். இப்போது பத்து வயது. கையில் பாதி கடித்த கொய்யா.

சொன்னான். வீடியோவை விட்டுவிட்டு, மச்சக் கதையை மட்டும்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேனாவை எடுத்தாள். முழங்கையைத் திருப்பி ஒரு புள்ளி வைத்தாள். கண்ணாடி பார்க்காமலே கழுத்தில் ஒன்று.

"இப்ப சரியாப்போச்சுல்ல? எழுதுங்க."

புள்ளிகள் நீலமாக இருந்தன.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தான். கழுத்தில் இருந்தது போய்விட்டது. முழங்கையில் இருந்தது லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தான்.

"மெதுவாப்பா. வலிக்குது."

கையை எடுத்தான். அப்போதுதான் பார்த்தான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஓர் அரிசி நீளத்துக்குத் தழும்பு.

"இது எப்ப வந்துச்சு?"

"இதுவா? போன வருஷம். ஸ்கூல் கேட் கம்பி கிழிச்சுது. அன்னைக்கே உங்ககிட்ட வந்து காட்டினேனே. ம்ம்னு சொன்னீங்க. போன்ல ஏதோ பாத்துட்டிருந்தீங்க."

அன்று பார்த்தது எந்தப் பிள்ளையின் கதை என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

அவன் போனில் அவளுடைய போட்டோ நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எல்லாம் சீருடையும் பையுமாக, நேராக நின்றபடி. ஒன்றில்கூட இந்தத் தழும்பு தெரியாது.

பேனாவைத் திறந்தான். முதல் கோட்டில் நிதானமாக எழுதினான். வலது முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு தழும்பு.

நாளைக்கு அந்த அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ. விடிந்ததும் நோட்டரியைப் பிடிக்க வேண்டும். மதியத்துக்குள் முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் வேறு பள்ளிதான்.

இரண்டாவது கோடு காலியாக இருந்தது.

இதழினி கொய்யாவை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை எடுத்து முன்பக்கம் விட்டுக்கொண்டாள்.

"இன்னொண்ணு வேணும்ல. பாருங்க."

அவன் எழுந்து ஜன்னல் திரையை முழுசாக விலக்கினான்.